இன்றைக்கு நான் என்ன கலர்?

அப்பாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு புது எக்செல் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

துவாக்குடியில் பாய்லர் உதிரி பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறேன். வெல்டிங் ராடு எத்தனை பெட்டி இருக்கிறது, கிரைண்டிங் சக்கரம் எத்தனை இருக்கிறது என்பதெல்லாம் ஒரு ஷீட்டில் இருக்கும். பத்துப் பெட்டிக்குக் கீழே போனால் அந்தக் கட்டம் தானாகவே சிவப்பாகிவிடும், மேலே இருந்தால் பச்சை. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று அதற்குப் பெயர். நாங்கள் கலர் போடுவது என்றுதான் சொல்வோம். இந்த எண்ணைத் தாண்டினால் இந்த நிறம் என்று ஒரு தடவை விதி எழுதி வைத்துவிட்டால் போதும், அதன் பிறகு எண்ணைப் போட்ட நொடியிலேயே நிறம் மாறிக்கொள்ளும். நானாகவே தடவித் தடவிக் கற்றுக்கொண்டது. கம்பெனியில் வேறு யாருக்கும் வராது என்பதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு.

டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் உடம்பில் நீர் கோர்த்துக்கொள்ளும், மூச்சு வாங்கும்.

தேதிக்கு ஒரு வரிசை, எடைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு ஒன்று என்று போட்டேன். ஆயிரத்து ஐந்நூறு மில்லியைத் தாண்டினால் சிவப்பு. எடை முந்தின நாளைவிட ஒரு கிலோ கூடினால் சிவப்பு. மற்றபடி பச்சை. முடித்துவிட்டு சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். அவனும் பார்க்கலாம், திருத்தலாம் என்று அனுமதி கொடுத்தேன். அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கம், முதல் மாடி. அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குக் காரணம் அப்பா இல்லை. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டார், யாரிடமும் எதையும் கேட்கவும் மாட்டார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா திருவெள்ளறையிலிருந்து பஸ்ஸில் வருவார். காலை ஏழரைக்கு வந்தால் நான் திரும்பும் வரை இருப்பார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர்.

தண்ணீருக்கு நூற்றைம்பது மில்லி பிடிக்கிற எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஒதுக்கினோம். யார் எடுத்துக் கொடுத்தாலும் சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் ஒரு கோடு போட வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. மறுநாள் காலையில் நான் கோடுகளை எண்ணி, பெருக்கி, ஷீட்டில் போடுவேன். பத்துக் கோடு வரைக்கும் பச்சை. பதினோராவது கோடு சிவப்பு.

முதல் மாதம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் எடை பார்க்கும் மிஷினில் ஏறி இறங்கியதும் அப்பா கேட்பார்:

"என்னம்மா, இன்னைக்கு நான் என்ன கலர்?"

"பச்சைப்பா."

"சரி, அப்ப இன்னைக்கு வண்டி ஓடும்."

சிரிப்போம். அந்த அளவுக்கு அது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது.

தம்பி சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான். எங்கே எது கசிகிறது, எது சூடாகிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவன் வேலை. ஷீட் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. பிடித்ததோடு நிற்கவில்லை, அவனும் விதிகள் எழுத ஆரம்பித்தான். ஒருநாள் பார்க்கிறேன், ஆயிரத்து ஐந்நூறு போட்ட கட்டம் மஞ்சளாக இருக்கிறது. கேட்டால், "எல்லைக்குப் பக்கத்துல வந்தாலே தெரியணும்க்கா. சிவப்பான அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" என்றான். இன்னொரு நாள், ஒன்றுமே எழுதாத கட்டம் சிவப்பாக இருந்தது. காலை எட்டு மணிக்குள் எண் வராவிட்டால் வெறும் கட்டமும் சிவப்பாகும்படி செய்திருந்தான்.

அதற்குப் பிறகு எனக்கு எட்டு மணி என்பது வேறு மாதிரியான நேரமாகிவிட்டது. எட்டரைக்கு நான் சத்திரம் பஸ் நிலையத்தில் துவாக்குடி பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு முன் சமையல், அப்பாவுக்கு மாத்திரை, குளியல், எடை, கோடு எண்ணுவது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எட்டு அடித்து இரண்டு நிமிஷம் தாண்டினால் போன் அடிக்கும்.

"அக்கா, இன்னும் போடலையே?"

போட்டது சிவப்பாக இருந்தாலும் போன் அடிக்கும்.

"நேத்து ஏன் பதினொண்ணு? யார் குடுத்தா? மதியமா, சாயங்காலமா?"

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனால் இங்கே இருக்க முடியவில்லை, அந்தக் கட்டங்கள்தான் அவனுக்கு அப்பா. ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் போகும் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு, அப்பா ஏன் ஒரு டம்ளர் மோர் அதிகம் குடித்தார் என்று பத்துப் பேருக்குக் கேட்க விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்.

பிறகு வெயில் வந்தது. திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைச் சாயங்காலம் ஆறு மணிக்கும் கையில் பிடிக்க முடியாது. அப்பாவுக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டம்ளரைக் குடித்து முடித்த பிறகும் அதைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டிருப்பார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் இறக்கி வைத்துவிடுவார். முப்பத்தாறு வருஷம் பணிமனை இரைச்சலில் நின்று வேலை பார்த்த மனிதர், என் முகத்தைப் பார்த்து டம்ளரை இறக்கி வைத்தார்.

கோடுகள் பத்துக்குள் இருந்தும் எடை ஏறத் தொடங்கியது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போய் அரைமணி நேரமாகியும் வரவில்லை. கதவருகே போய் நின்றேன். தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் இல்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. பக்கெட்டிலிருந்து குவளையில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தவரிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தினமும் அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே போய் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அப்பாவின் குளியலறைக் கதவில் மகள் காது வைப்பது என்ன காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன்.

அந்த வாரம் மூன்று நாள் சிவப்பு. தம்பி வீடியோவில் அப்பாவையே கூப்பிட்டான்.

"அப்பா, நீங்க என்ன சின்னப் புள்ளையா? ஒரு டம்ளர் கம்மியா குடிக்க முடியாதா? அக்கா ஒண்டியா கெடந்து அல்லாடுதுல்ல?"

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிப்பா" என்றார். போனை என்னிடம் நீட்டினார். அன்று மதியம் சாப்பிடவில்லை. "பசிக்கலம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை காலண்டரில் பன்னிரண்டு கோடு இருந்தது. எடை ஒரு கிலோ இருநூறு கூடியிருந்தது. மணி ஏழு ஐம்பது. போனை எடுத்தேன். ஆயிரத்து எண்ணூறு என்று போட வேண்டிய இடத்தில் ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று போட்டேன். எடையிலும் முந்தின நாள் எண்ணையே போட்டேன். இரண்டு கட்டமும் பச்சையாயின.

எட்டு மணிக்கு போன் அடிக்கவில்லை. எட்டே காலுக்கும் அடிக்கவில்லை. பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஆற்றில் நடுவே ஓடை மாதிரி கொஞ்சம் தண்ணீர் இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். பல மாதத்துக்குப் பிறகு யாருக்கும் பதில் சொல்லாமல் வேலைக்குப் போனேன். அந்த நிம்மதியை நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு நாள் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. இரண்டாம் வாரத்தில் அப்பாவும் அதில் சேர்ந்துகொண்டார். ஒரு காலை நான் காலண்டர் முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னார்:

"ஒம்போதுன்னு போட்டுடேன்."

திரும்பிப் பார்த்தேன். அவர் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்பது டம்ளர் கணக்கையே போட்டேன். அதன் பிறகு என்ன கலர் என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். தம்பி, "சூப்பர்க்கா, ஒரே பச்சையா இருக்கு" என்று குரல் பதிவு அனுப்பினான். அதை இரண்டாம் தடவை கேட்காமல் அழித்துவிட்டேன். இந்தப் பொய்யிலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை. இன்றைக்கு உண்மையைப் போட்டால் ஒரே நாளில் எடை மூன்று கிலோ ஏறியதாகக் காட்டும். பொய்யையே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி உண்மைக்குக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டேன். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, சக்கரங்களை எண்ண வேண்டிய நேரத்தில், எந்த நாளில் எவ்வளவு ஏற்றினால் சிவப்பாகாது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, வீட்டிலிருந்து அக்கா போன் செய்தார்.

"அம்மா, அய்யாவுக்குச் செருப்பு நுழைய மாட்டேங்குது. காலு பொம்முன்னு இருக்கு. கட்டில்ல குனிஞ்சு உக்காந்துகிட்டு மூச்ச இழுக்கறாங்க. நான் ஆட்டோ சொல்லிட்டேன், கூட்டிட்டுப் போயிடவா?"

"போங்கக்கா, நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்."

துவாக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த ஷீட்டைத் திறந்தேன். இருபத்திரண்டு நாள், மேலிருந்து கீழே வரை பச்சை. வயல் மாதிரி இருந்தது. யாராவது பின்னாலிருந்து பார்த்துவிடுவார்களோ என்று போனைக் கவிழ்த்துக்கொண்டேன்.

நான் போனபோது அப்பாவுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஜனவரியில் பார்த்த அதே டாக்டர்தான், என்னைவிட இளைய பெண். "சார்ட் இருக்கா?" என்று கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இவ்வளவு கரெக்டா இருந்திருக்காரு. தண்ணியும் கூடல, வெயிட்டும் கூடல. அப்ப மாத்திரைதான் கேக்கல போலிருக்கு. கிட்னியையும் பாத்துடணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முகமூடியைக் கையால் விலக்கினார். "டாக்டர்... அந்தக் கணக்கு தப்பு. நான்தான் தப்பா சொன்னேன்."

"இல்ல டாக்டர்" என்றேன். "அவர் சொல்லல. நான்தான் பொய்யா போட்டேன். மூணு வாரமா."

டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரியான நம்பர் எங்கயாவது இருக்கா?"

எடை எங்கேயும் இல்லை. தண்ணீர்க் கணக்கு இருந்தது. அக்கா தன் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். புறப்படும் அவசரத்தில் சமையலறைக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோடுகள். டாக்டர் கட்டில் மேல் அதை விரித்து வைத்து நாள் நாளாக எண்ணினார். எண்ணி முடித்து என்னைப் பார்த்தார்.

"ஒன்றரை லிட்டர்னு நான் எப்ப சொன்னேன்?"

"ஜனவரியில."

"இப்ப என்ன மாசம்? இந்த வேர்வையில மனுஷனுக்குத் தாகம் எடுக்காதா? என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல? கூட ஒண்ணு ரெண்டு டம்ளருக்கு நானே வழி பண்ணியிருப்பேன். ஆனா எனக்கு நெசமான நம்பர் வேணும். நீங்க காட்டினத நம்பியிருந்தா இன்னைக்கு நான் வேற வைத்தியம் பாத்திருப்பேன்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஜனவரியில் எழுதிய விதி மே மாதத்திலும் அப்படியே இருந்தது, அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஸ்டோர்ஸில் ஆர்டர் கூடினால் பத்தை இருபதாக மாற்றிவைப்பேன். வீட்டில் மாற்றவில்லை.

தம்பிக்கு நானே போன் செய்தேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன்க்கா?"

"நீ போன் பண்ணாம இருக்கணும்னு."

அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அவன் போனை வைத்துவிட்டான். இரண்டாம் நாள் காலை விமானத்தில் வந்து இறங்கினான். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்தவன் என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டான்.

ஊசியில் நீர் இறங்கி, ஐந்தாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். தம்பிக்கு இரண்டு வாரம் லீவு. "நீ வேலைக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்றான். போனேன். எட்டு மணிக்குச் சத்திரத்தில் நின்றுகொண்டு ஷீட்டைத் திறந்தேன். கட்டம் வெறுமையாக, சிவப்பாக இருந்தது. எட்டு ஐந்துக்கும் சிவப்பு. எட்டு பத்துக்கு என் விரல் தானாகவே அவன் எண்ணை அழுத்தியது.

"இன்னும் போடலையேடா?"

"அக்கா, இப்பதான் அப்பாவக் கை புடிச்சு பாத்ரூம்லேருந்து கூட்டிட்டு வரேன். அடுப்புல பால் பொங்குது. கொஞ்சம் விடேன்!"

அவன் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. தம்பி மெதுவாக, "நான் இப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தேனா?" என்றான். "ஆமா" என்றேன். அவ்வளவுதான். துவாக்குடி பஸ் வந்தது, ஏறிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது வெறும் கட்டம் வெள்ளையாக இருந்தது. அந்த விதியை அவனே எடுத்திருந்தான். மஞ்சளையும் எடுத்திருந்தான்.

டாக்டர் வெயில் காலத்துக்குப் பன்னிரண்டு டம்ளர் என்று எழுதிக் கொடுத்தார். ஆயிரத்து ஐந்நூறை ஆயிரத்து எண்ணூறாக மாற்றினேன். மாற்றும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "இத நான் போடலாமா?"

"எதப்பா?"

"நம்பர. என் நம்பர்தானே?"

மறுநாளிலிருந்து அவரே போடுகிறார். ஃபிட்டர் விரல், ஒரு எண்ணைத் தொட்டால் இரண்டு எண் விழும், அழித்துவிட்டு மறுபடி போடுவார். தம்பி கிளம்பிப் போன மறுநாள் பதிமூன்று டம்ளர் கணக்கு வந்தது. கட்டம் சிவந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நேத்து நல்ல வெக்கை" என்றார். பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். தம்பி கூப்பிடவில்லை. மதியம் ஒரு செய்தி மட்டும் வந்தது: அப்பா சாப்பிட்டாரா?

இதனால் நான் விடுபட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் சிவப்புச் சட்டை கண்ணில் பட்டால்கூட மணி என்ன என்று பார்க்கிறேன். அப்பாவின் இதயம் இனிமேல் சரியாகப் போவதில்லை. அது டாக்டருக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், எந்த விதியைத் திருத்தினாலும் அது திருந்தாது.

போன வாரம் கம்பெனியில் கோயம்புத்தூருக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். புது ஸ்டோர்ஸ் மென்பொருளாம், நான்தான் போக வேண்டுமாம். அக்காவால் ராத்திரி தங்க முடியாது, திருவெள்ளறைக்குப் பஸ் இருக்கும்போதே கிளம்ப வேண்டும், அவர் வீட்டிலும் ஒரு மாமியார் படுத்துக் கிடக்கிறார். தம்பிக்கு இனி அடுத்த வருஷம்தான் லீவு. அப்பாவிடம் சொன்னேன்.

"போயிட்டு வாம்மா. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று வியாழன். மின்னஞ்சலைத் திறந்து, "வருகிறேன்" என்று ஒரு தடவை எழுதி அழித்தேன். "வர இயலாது" என்று எழுதி அதையும் அழித்தேன். திரை வெள்ளையாக இருக்கிறது.